எழுபது வளைவுகளுக்கு முன்னால்

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்தின் கடைசி அரை மணி நேரத்தில் ஆசிரியர்களின் உடல்நலம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவரும் இல்லை, உடற்கல்வி ஆசிரியரும் இல்லை. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுப்பவள். எனக்கு வயது 46. காலாண்டு விடுமுறையில் சைக்கிளில் கொல்லிமலை ஏற வேண்டும் என்று பதின்மூன்று வாரங்களாகப் பயிற்சி செய்துவருகிறேன். எனவே சைக்கிளைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பேச்சின் நடுவே நம் வகுப்பறையும் வந்து சேர்ந்துகொள்ளும்.

கொல்லிமலையை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து மேலே போய்ச் சேர ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். பேருந்தில் போகும்போதே பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்கள். அந்தப் பாதையில்தான் ஏறப் போகிறேன்.

நான் சைக்கிளுக்குப் புதியவள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன்பு ஞாயிறுதோறும் 60 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. பதினான்கு மாதங்கள் படுக்கையில் இருந்தார். பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி என்று அந்த மாதங்கள் போயின. அம்மா போன பிறகும் சில காலம் சைக்கிள் சுவரில் சாய்ந்தே நின்றது. வழக்கமான பரிசோதனைக்குப் போனபோது மருத்துவர் இரத்த அழுத்தம் எல்லைக்கோட்டில் இருக்கிறது என்றார். அம்மாவுக்கு வந்ததையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மற்ற பரிசோதனைகளையும் செய்து பார்த்துவிட்டு, "மெதுவாக ஆரம்பிக்கலாம், ஆனால் ஆரம்பித்துவிடுங்கள்" என்றார். நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ அழுத்தமோ உள்ளவர்கள் எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும் இந்தப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ளுங்கள்.

உடம்பு எதை மறக்கிறது, எதை வைத்திருக்கிறது

ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் மீண்டும் ஏறி உட்கார்ந்தேன். முன்பு 30 நிமிடத்தில் போகும் பத்துக் கிலோமீட்டருக்கு 45 நிமிடம் ஆயிற்று. மறுநாள் மாடிப்படி ஏறும்போது தொடை எரிந்தது. இது ஏன் என்று தெரிந்துகொண்டால் மனம் தளராது.

பயிற்சியை நிறுத்தினால் முதலில் குறைவது இரத்தத்தின் பிளாஸ்மா அளவு. சில நாட்களிலேயே அது குறையத் தொடங்கும். இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் இரத்தம் குறைவதால் அதே வேகத்துக்கு அது கூடுதலாகத் துடிக்க வேண்டியிருக்கும். அடுத்த சில வாரங்களில், தசைச் செல்களில் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் இறங்கும். மூச்சு வாங்குவது இதனால்தான். சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

போகாமல் இருப்பவையும் உண்டு. சமநிலை போகவில்லை. எதிரே லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, எந்த இடத்தில் கியரை மாற்றுவது என்ற அறிவு போகவில்லை. ஒருமுறை பயிற்சி பெற்ற உடம்பு இரண்டாவது முறை அதே நிலைக்கு வர, முதல்முறை எடுத்த அளவு காலம் பொதுவாக எடுப்பதில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எபிங்காஸ் பெயரைப் படித்திருப்போம். மறத்தல் வளைகோடு என்றதும் நினைவுக்கு வருபவர். 1885இல் அவர் வெளியிட்ட ஆய்வின் இன்னொரு பகுதியை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறந்து, மறுபடி மனப்பாடம் செய்து பார்த்தார். மறந்துவிட்ட பட்டியலை மறுபடி கற்க, முதல்முறையைவிடக் குறைந்த நேரமே ஆயிற்று. அந்த வித்தியாசத்தைச் 'சேமிப்பு' என்று கணக்கிட்டார். நினைவுக்கு வராதது எல்லாம் அழிந்துபோனது அல்ல என்பது இதன் பொருள். என் தொடைக்கும் இந்தச் சேமிப்பு உண்டு, நம் மாணவர்களின் பின்னக் கணக்குக்கும் உண்டு.

மலையைக் கணக்காக்கினேன்

எழுபது வளைவு என்று நினைத்தாலே மலைப்பாக இருந்தது. எனவே நோட்டை எடுத்து எண்களாக எழுதினேன். இதை நீங்கள் எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புகளிலும் போட்டுக் காட்டலாம்.

நானும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம். உயரம் 1,000 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கம் 9.8. மூன்றையும் பெருக்கினால் 7,35,000 ஜூல். சாலையின் உராய்வுக்கு இன்னும் ஒரு லட்சம் ஜூல் சேர்த்துக்கொண்டேன். மூன்றரை மணி நேரத்தில், அதாவது 12,600 விநாடிகளில் ஏறினால், திறன் ஏறத்தாழ 66 வாட். வகுப்பறையில் சுழலும் பழைய வகை மின்விசிறி ஒன்றுக்கு 75 வாட் அளவு தேவை. அதைவிடக் குறைவான வேலைதான். ஆனால் மூன்றரை மணி நேரம் நிற்காமல் செய்ய வேண்டும். ஆக எனக்கு வேண்டியது பெரிய பலம் அல்ல, நீண்ட நேரம் தாங்கும் திறன். பயிற்சியின் திசையை இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்தது.

உண்ணும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதத்தைத்தான் தசை வேலையாக மாற்றுகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. அப்படிப் பார்த்தால் மேலே போய்ச் சேர 800 முதல் 1,000 கிலோகலோரி செலவாகும். சிறிய இட்லி ஒன்றுக்கு 50 என்று வைத்தால் 16 முதல் 20 இட்லி. இதைச் சொன்னதும் எங்கள் ஒன்பதாம் வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். ஆனால் சதவீதமும் ஆற்றல் மாற்றமும் அன்று நன்றாகவே பதிந்தன.

அடுத்தது கியர். என் சைக்கிளில் முன்பக்கச் சிறிய பல்சக்கரத்துக்கு 28 பல், பின்பக்கப் பெரியதற்கு 34 பல். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 28/34 சுற்று சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். ஆக ஒரு மிதிச் சுற்றுக்கு 1.73 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.2 கிலோமீட்டர். வேகமாக நடப்பவரைவிடச் சற்றுத்தான் அதிகம். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதாரண சைக்கிளில் இதே வேகத்துக்கு நிமிடத்தில் 20 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் முழு எடையையும் போட்டு அழுத்த வேண்டியிருக்கும், முட்டி தாங்காது. ஏற்றத்தில் லேசான கியரில் அதிகச் சுற்று மிதிப்பதே முட்டிக்குப் பாதுகாப்பு. விகிதம், சுற்றளவு, அலகு மாற்றம் மூன்றும் இந்த ஒரு கணக்கில் வந்துவிடுகின்றன. பதினொன்றாம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி வாங்கும் மாணவர்களைப் பல்லை எண்ணிவரச் சொல்லுங்கள். எல்லோரும் எண்ணி வருவார்கள்.

வாரத் திட்டம்

மொத்தம் பதினாறு வாரங்கள். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், இரண்டு நாள் கால், இடுப்பு, முதுகுக்கான எளிய பயிற்சி, இரண்டு நாள் ஓய்வு. முதல் வாரம் 30 கிலோமீட்டர், அடுத்தது 33, அடுத்தது 36. நான்காவது வாரம் வேண்டுமென்றே 27. பிறகு 40, 44, 48, மறுபடி இறங்கி 36. பிறகு 53, 58, 64, மறுபடி 48. இந்த வாரம் 70. மூன்று வாரம் ஏற்றம், ஒரு வாரம் இறக்கம். ஏற்றமும் ஏறத்தாழ பத்து சதவீதத்துக்குள். உடம்பு பலப்படுவது ஓட்டும்போது அல்ல, ஓட்டிய பிறகு ஓய்வில். அந்த இறக்க வாரத்தை விட்டுவிட்டால் முட்டியும் முதுகும் அதை நினைவூட்டிவிடும்.

எவ்வளவு வேகமாக ஓட்டுவது? இதற்குக் கருவி வேண்டாம். ஓட்டிக்கொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் அது எளிய வேகம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடினம். பெரும்பகுதி ஓட்டங்கள் பேசக்கூடிய வேகத்திலேயே இருக்க வேண்டும். நான் பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்ப்பேன்.

முதல் நான்கு வாரம் சமதளம். அடுத்த நான்கு வாரத்தில் ஆடிக்காற்று வந்துவிட்டது. எதிர்க்காற்றில் ஓட்டுவதும் ஒரு மலை ஏறுவதுதான். லேசான கியரில், தலையைத் தாழ்த்தி, வேகத்தைப் பற்றிக் கவலைப்படாமல் மிதிக்கப் பழகினேன். ஒன்பதாம் வாரம் முதல் ஊருக்கு வெளியே உள்ள ரயில்வே மேம்பாலம். ஒரு ஏற்றம் எட்டு மீட்டர் உயரம் இருக்கும். பத்து முறை ஏறி இறங்கினால் 80 மீட்டர். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணன் மூன்றாம் நாள், "டீச்சர், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

சென்ற ஞாயிறு காரவள்ளியிலிருந்து 35ஆவது வளைவு வரை ஏறித் திரும்பினேன். ஒரு மணி ஐம்பது நிமிடம். இன்னும் ஒரு வாரம் கடினமாக இருக்கும். கடைசி இரண்டு வாரங்களில் தூரத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டு, களைப்பில்லாமல் மலைக்குப் போவேன்.

சில நடைமுறைக் குறிப்புகளையும் சொல்லிவிடுகிறேன். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். நம் ஊர் வெயிலில் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் வேண்டும். நீண்ட ஓட்டத்தில் அதில் உப்பும் இருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் வழியில் சாப்பிட வேண்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். பசித்த பிறகு தின்றால் தாமதம். இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். தொடர்ந்து அழுத்தினால் ரிம் சூடாகிவிடும், நடுவில் நிறுத்தி ஆறவிட வேண்டும். தலைக்கவசம் இல்லாமல் மலைப்பக்கம் போகவே கூடாது.

ஊக்கம் எங்கிருந்து வருகிறது

தூரத்தையும் கியரையும் கணக்கில் கொண்டுவந்துவிடலாம். காலை ஐந்தேகால் மணிக்குப் போர்வையை விலக்குவதற்குக் கணக்கு உதவாது.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1977இல், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வளர்கிறது என்றார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடலின் அறிகுறிகளைத் தான் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது. இவற்றில் வலிமையானது முதலாவது. ஊக்கச் சொல் அதற்கு ஈடாகாது. நாமோ வகுப்பறையில் பெரும்பாலும் சொல்லைத்தான் நம்பியிருக்கிறோம். "உன்னால் முடியும்" என்று நூறு முறை சொல்வதைவிட, முடிகிற ஒன்றைக் கொடுத்து முடிக்கவைப்பது மேல்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்ற வடிவில் முன்கூட்டியே முடிவெடுப்பதன் பலனை ஆராய்ந்தவர். "தினமும் ஓட்டுவேன்" என்று நான் எழுதவில்லை. "பால்காரர் மணி அடித்ததும் சைக்கிளை வாசலுக்கு எடுப்பேன்" என்று எழுதினேன். "மழை பெய்தால் இருபது நிமிடம் மாடிப்படி ஏறி இறங்குவேன்" என்று எழுதினேன். அன்றன்று காலையில் மனத்தோடு வாதாட வேண்டிய தேவை இதனால் குறைந்தது.

தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது என்று பண்டுரா சொன்னதற்கு எனக்கு ஒரு சொந்த விளக்கம் உண்டு. என் பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம். 1990களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முயற்சியில், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பது எழுத்தறிவுப் பணியின் பகுதியாகவே ஆயிற்று. குவாரியில் கல் உடைத்த பெண்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் கற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்படிக் கற்றவர்களில் ஒருவர் என் அம்மா. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பிறகு, சேலையைச் செருகிக்கொண்டு, ஊர்த் திடலில் விழுந்து எழுந்து கற்றார். தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். அவர் கற்ற அதே வாடகைச் சைக்கிளில்தான் மாலையில் நானும் கற்றேன். மேம்பாலத்தில் எட்டாவது தடவை கால் கெஞ்சும்போது அந்தக் குடம் நினைவுக்கு வரும். இரண்டு தடவை பாக்கிதானே என்று ஏறிவிடுவேன்.

திரும்பி வரும் மாணவர்

இனி வகுப்பறை. இந்த ஜூனில் எங்கள் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு மாணவி திரும்பி வந்தாள். சனவரியில் பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போனவள். ஐந்து மாதம் பள்ளி இல்லை. எட்டாம் வகுப்பின் முதல் பருவத்தில் நன்றாகக் கணக்குப் போட்டவள். வந்ததும் அவள் சொன்னது, "எல்லாம் மறந்துபோச்சு டீச்சர். நான் சும்மா உட்கார்ந்துக்கிறேன்."

அந்த வாரம் என் சைக்கிள் நோட்டில் முதல் 45 நிமிடம் பதிவாகியிருந்தது. அவள் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. பழைய வேகத்தோடு ஒப்பிட்டால் யாருக்கும் உட்கார்ந்துகொள்ளத்தான் தோன்றும்.

எனவே இயற்கணிதத்தில் தொடங்கவில்லை. பின்னத்தில் ஐந்து கணக்கு, பத்து நிமிடத்துக்குள் முடிகிற அளவில் கொடுத்தேன். முடித்தாள். ஒரு சிறு நோட்டில் தேதியும் எத்தனை சரி என்பதும் அவளே எழுதினாள். மற்றவர் மதிப்பெண் அதில் கிடையாது. வாரம் ஒரு படி கூட்டினேன். நான்காவது வாரம் புதிதாக எதுவும் தரவில்லை, தெரிந்ததையே போடச் சொன்னேன். எட்டாவது வாரம் ஒருமாறிச் சமன்பாட்டுக்கு வந்துவிட்டாள். முதல்முறை பின்னம் கற்க அவளுக்கு ஒரு பருவம் ஆகியிருக்கும். இம்முறை இரண்டு வாரம். எபிங்காஸ் சொன்ன சேமிப்பை அந்த நோட்டில் பார்த்தேன்.

இந்தக் கதை இன்னும் முடியவில்லை. வரும் சனவரியில் குடும்பம் மறுபடி சூளைக்குப் போகலாம். அவளைப் பாட்டி வீட்டில் விட்டுச் செல்லும்படி தலைமையாசிரியரும் நாங்களும் பெற்றோரிடம் பேசிவருகிறோம். அப்பா இன்னும் பதில் சொல்லவில்லை. நான் ஏறும் மலை இருக்கிற இடத்திலேயே இருக்கும், இந்த விடுமுறையில் முடியாவிட்டால் அரையாண்டு விடுமுறையில் ஏறலாம். அவளுக்கு அப்படியில்லை. இன்னும் ஒருமுறை ஐந்து மாதம் விட்டால், திரும்பி வரவே அவளுக்குத் துணிவு இருக்குமா என்பது தெரியாது.

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, நீண்ட விடுப்புக்குப் பின் வரும் பிள்ளையிடம் முதல் நாளே "இதுகூடத் தெரியாதா?" என்று கேட்காதீர்கள். அவர் விட்ட இடத்திலிருந்தும் தொடங்காதீர்கள். அதற்கு இரண்டு படி கீழே, அவரால் கட்டாயம் முடிகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு, முன்னேற்றத்தை அவரே எழுதும்படி ஒரு நோட்டுக் கொடுங்கள். நேற்றைய தன்னோடு மட்டும் அவர் ஒப்பிடட்டும். மூன்று, நடுவில் ஒரு வாரம் சுமையைக் குறையுங்கள். அந்த வாரத்தில்தான் கற்றது படியும்.

இதே மூன்றையும் உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள். நம்மில் பலர் ஒருகாலத்தில் ஓடியவர்கள், கபடி ஆடியவர்கள், பத்து கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்குப் போனவர்கள். அந்தப் பழைய ஆளோடு போட்டி வேண்டாம். நாளைக் காலை பத்து நிமிடம் போதும். யாராவது சைக்கிளைத் தூசு தட்டி எடுப்பதாக இருந்தால், ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு மேம்பாலத்தடிக்கு வாருங்கள். டீ என் செலவு.